சம்பந்தி வீட்டுக் கம்ப்யூட்டரின் நினைவகப் பழுது பற்றி

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவன், ஓய்வுபெற்ற லிப்ட் மெக்கானிக், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் நலம். என் வலதுகைச் சுட்டுவிரல் நீங்கலாக மற்ற உறுப்புகளும் நலம். அங்கே தங்களுடைய நலத்தையும், தனியாகத் தங்கள் இடது முழங்காலின் நலத்தையும் அறிய ஆவல்.

இதைப் போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் போனில் நான் பத்து நிமிஷம் பேசினால் நீங்கள் ஒரு தடவை "ம்" என்பீர்கள். அந்த "ம்" கோபமா, சம்மதமா, இல்லை தூக்கமா என்று நானும் என் மனைவியும் அதன்பிறகு ஒரு மணி நேரம் விவாதிப்போம். ஆகவே கடிதம். இதை உங்கள் மருமகள் கையில்தான் கொடுத்து அனுப்புகிறேன். கவரை ஒட்டவில்லை. ஒட்டினாலும் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்துவிட்டு, முன்னைவிட ஒழுங்காகத் திரும்ப ஒட்டிக் கொடுப்பாள். பள்ளிக்கூடத்து ரிப்போர்ட் கார்டிலேயே பழகின கை. என்ன அம்மாடி, படிக்கிறாயா? படி. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. படித்துவிட்டுப் பழையபடி மடித்து வை.

விஷயம் உங்கள் கம்ப்யூட்டர். போன மாதம் பிள்ளைகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது, எனக்குத்தான் மறக்க முடியவில்லை. என் மகள் அன்றைக்கு உங்களைச் சுற்றி வளைத்துவிட்டாள். "மாமா, மூணு மாடி, லிப்ட் இல்ல, தனியா இருக்கீங்க. அன்னிக்கு மழைச் சாரல்ல, கையில காய்கறிப் பையோட, ரெண்டாவது மாடிப் படியில ஒரு மணி நேரம் உக்காந்திருந்தீங்களாம். கீழ் வீட்டுக்காரங்க பாத்துட்டு எனக்குப் போன் பண்றாங்க. எங்ககூட வந்துடுங்க மாமா, அறைக்குப் பெயின்ட்டே அடிச்சாச்சு" என்றாள். மாப்பிள்ளையும் "ஆமாப்பா" என்றார். வானிலை ஆபீசில் முப்பது வருஷம் இருந்த மனிதர் நீங்கள். நாளைக்கு மழை வருமா என்று கேட்டாலே "வாய்ப்பு உண்டு" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவர். அன்றைக்கு மட்டும் முழுசாக மூன்று வாக்கியம் பேசினீர்கள். "வர்றேன். ஆனா என் பழைய கம்ப்யூட்டர் ஓடணும். அது ஓடினா அதோட வர்றேன், ஓடலைன்னா வரல." எத்தனை நாளாக ஓடவில்லை என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, "ரொம்ப வருஷமா, நினைவகத்துல பழுது" என்றீர்கள். உடனே மேசையில் இருந்த எல்லாக் கண்ணும் என்மேல் திரும்பின. மெக்கானிக் ஒருத்தன் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறானே! வாய் நிறையச் சோறு இருந்ததால் மறுத்துப் பேச வழியில்லாமல் தலையை ஆட்டிவிட்டேன். அந்த ஆட்டலுக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

எனக்கும் உள்ளுக்குள் ஒரு ரோஷம் இருந்தது, மறைப்பானேன். ஊரில் பாதிக் கட்டடத்துக்கு லிப்ட் போட்டவன் நான். என் சம்பந்தி மட்டும் அறுபத்து மூன்று படி ஏறுகிறார் என்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? எப்படியாவது மாதக் கடைசிக்குள் இதை ஓட வைத்து, உங்களை அந்த மூன்றாம் மாடியிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்றுதான் இறங்கினேன். ஆழம் தெரியாமல் காலை விட்டவன் கதைதான். மறுவாரம் மாப்பிள்ளை மிக்சி வாங்கின அட்டைப்பெட்டியில் வைத்து அதைக் கொண்டுவந்து இறக்கினார். பார்த்தால் மொத்த மெஷினும் ஒரு கீபோர்டுதான். கொஞ்சம் தடித்த கீபோர்டு. திரை கிடையாது, டிவியில் சொருக வேண்டும். எங்கள் புது டிவியில் அதற்குத் துளையே இல்லை. கூடத்து அலமாரி மேல் ஒரு பழைய டிவி இருந்தது. அதன்மேல் என் மனைவி ஆறு வருஷமாகப் பூந்தொட்டி வைத்திருந்தாள். டிவியை இறக்கும்போது தொட்டியிலிருந்த மண் முழுக்கச் சோபாவில் கொட்டியது. அந்தக் கறை இன்றைக்கும் இருக்கிறது. நீங்கள் வந்தால் அதன்மேல் உட்காராதீர்கள், ஈரம்.

ஸ்விட்சைப் போட்டேன். வரவேண்டியது என்ன? மெஷின் பெயரும், நினைவகம் இவ்வளவு காலி என்கிற எண்ணும், பக்கத்தில் மினுக்குகிற ஒரு சின்னக் கட்டமும். வந்தது என்ன? திரை முழுக்கக் கட்டம் கட்டமாக, கோடு கோடாக, பாதி பூ பாதி புழு. என் மனைவி கரண்டியோடு வந்து நின்று பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு? எவ்வளவு அழகா டிசைன் போடுது!" என்றாள். அது டிசைன் இல்லை, நினைவகத்தின் எட்டுச் சிப்பில் ஒன்றுக்குப் புத்தி பேதலித்திருக்கிறது என்று விளக்கினேன். "பேதலிச்சா இவ்வளவு வரிசையாவா வரும்? நீங்க பேசுறதைவிட ஒழுங்கா இருக்கு" என்று சொல்லி, பென்சிலும் கட்டம்போட்ட நோட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மேசை விரிப்புக்குப் பின்னல் மாதிரி எடுக்கிறாளாம். அணைத்துப் போட்டால் ஒவ்வொரு தடவையும் வேறே டிசைன். "முன்ன வந்ததே, ஓரத்துல மாங்கா மாதிரி, அது வரட்டும்" என்று என்னைப் பதினோரு தடவை அணைத்துப் போட வைத்தாள். மாங்காய் திரும்ப வரவேயில்லை. அதற்கு நான் பொறுப்பாம். மூன்று நாள் இதே வேலையாகப் போயிற்று.

நாலாம் நாள் வால்வைக் கூப்பிட்டேன். வால்வு என்றால் தெருமுனையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். அவனுடைய சொந்தப் பெயர் அவன் மனைவிக்காவது தெரியுமா என்பது சந்தேகம். வந்தவன் மூடியைக் கழற்றச் சொன்னான். கழற்றினேன். எட்டுச் சிப்பும் பல்வரிசை மாதிரி ஒரே சீராக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு கால். "அண்ணே, மெஷின் கொஞ்ச நேரம் ஓடட்டும். அப்புறம் ஒவ்வொண்ணு மேலயும் விரலை வைங்க. எது கொதிக்குதோ அதுதான் திருடன்" என்றான். நியாயமான யோசனைதானே? ஆனால் வீட்டில் இன்னொரு யோசனையும் ஓடிக்கொண்டிருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது. பழைய சாமானுக்கு ஈரம் ஆகாது என்று என் மனைவி காலையிலிருந்து அதை ஜன்னலோரம் நல்ல வெயிலில் காய வைத்திருக்கிறாள். நான் விரலை வைத்தேன். முதல் சிப்பே திருடன். இரண்டாவதும் திருடன். எட்டும் திருடன். எட்டாவதில் தோலே உரிந்துவிட்டது. "என்ன வால்வு, மொத்தக் குடும்பமுமே திருட்டுக் குடும்பமா இருக்கே?" என்றேன். அப்போதுதான் அவள் உள்ளேயிருந்து, "வெயில்ல வெச்சிருந்தேன், நல்லா காஞ்சிருச்சா?" என்று கேட்டாள். கடிதத்தின் ஆரம்பத்தில் சுட்டுவிரலைப் பற்றி எழுதினேனே, அதன் காரணம் இதுதான்.

அடுத்து வால்வு ஒரு சோதனை அட்டையைக் கொண்டுவந்தான். அதை மெஷினுக்குப் பின்னால் சொருகினால் அது எட்டுச் சிப்பையும் ஒவ்வொன்றாக விசாரித்து, எதில் பழுது என்று திரையில் எண் போட்டுக் காட்டிவிடும். இங்கேதான் சம்பந்தி, எங்கள் இருவருடைய அறிவும் எங்களுக்கு எதிரியாகிவிட்டது. நீங்கள் உங்கள் கையெழுத்தில் ஒவ்வொரு சிப்பின் தலையிலும் ஒன்று முதல் எட்டு வரை எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். அட்டையோ பூஜ்யத்திலிருந்து எண்ணும். உங்கள் ஒன்று அதற்குப் பூஜ்யம், உங்கள் எட்டு அதற்கு ஏழு. லிப்டில் தரைத்தளம் பூஜ்யம்தானே, நாற்பது வருஷம் அதில் ஏறி இறங்கினவனுக்கு இது தெரியாதா? அட்டை சொல்கிற எண்ணோடு ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். வால்வும் அதே முடிச்சைப் போட்டுக்கொண்டான். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளவில்லை. டிவி கனம் என்பதால் அது கூடத்து மூலையில், வால்வு அதன் முன்னால். நான் சாப்பாட்டு மேசையில் மெஷினோடு. எனக்குத் திரை தெரியாது. திரையில் ஐந்து வந்தது. வால்வு ஒன்று கூட்டி "ஆறு!" என்று கத்தினான். திரையில் வந்ததைத்தான் கத்துகிறான் என்று நான் ஒன்று கூட்டி ஏழைப் பிடுங்கினேன். அதன் கால் ஒன்று என் கையோடு வந்துவிட்டது. வால்வு கடையிலிருந்து கொண்டுவந்த வேறொன்றைச் சொருகினேன். திரையில் மறுபடி ஐந்து.

"அண்ணே, ஆறுன்னு சொன்னேனே, எதைப் பிடுங்கினீங்க?"

"ஏழை."

"ஏன் ஏழு?"

"நீ பூஜ்யத்துல இருந்து சொல்றேன்னு ஒண்ணு கூட்டினேன்ப்பா."

"ஐயோ அண்ணே, நான்தான் கூட்டிட்டேனே!"

சரி, தப்பு தெரிந்துவிட்டது, இனிமேல் பிழையில்லை என்று நிம்மதியாக ஒரு டீ குடித்தோம். இரண்டாம் தடவை, இந்த மனுஷர் எப்படியும் ஒன்று கூட்டுவார் என்று வால்வு கூட்டாமல் "அஞ்சு" என்றான். இவன்தான் கூட்டிச் சொல்கிறானே என்று நான் கூட்டாமல் ஐந்தைப் பிடுங்கினேன். அதற்கு மாற்றைச் சொருகும்போது தலைமாட்டைக் கால்மாட்டில் வைத்துச் சொருகிவிட்டேன். ஒரு சின்ன வாசம் வந்தது. வால்வு மூக்கை உறிஞ்சிவிட்டு, "போயிருச்சுண்ணே" என்றான். இரண்டு மெக்கானிக் சேர்ந்தால் ஒரு மெக்கானிக் அளவுக்காவது வேலை நடக்கும் என்று நினைப்பவர்கள் எங்களை வந்து பார்க்கலாம்.

அதற்கப்புறம் வால்வு, தன் கடையில் தூசி படிந்து கிடந்த இதே ஜாதி மெஷின் ஒன்றை எடுத்துவந்தான். அதன் எட்டுச் சிப்பையும் கழற்றி, உங்களுடையதில் மிச்சமிருந்ததையும் கழற்றி, இது உங்களுடையது, இது அவனுடையது, இது செத்தது என்று செய்தித்தாளில் மூன்று வரிசையாக வைத்தோம். ஸ்க்ரூ டிரைவர் எடுக்க உள்ளே போய்வந்தேன், அவ்வளவுதான். சாப்பிடும் நேரம் ஆகிவிட்டதென்று என் மனைவி மேசையைத் துடைத்து, எல்லாவற்றையும் ஒரே வழியாக வழித்து பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டாள். "ஒண்ணுகூடத் தொலையல, எண்ணிப் பாருங்க" என்றாள் பெருமையாக. தொலையவில்லைதான். நல்லதும் கெட்டதும் ஒரே கறுப்புச் சட்டையில் கலந்து கிடந்தன. உங்கள் ஸ்டிக்கரில் நாலு உதிர்ந்து டப்பாவின் அடியில் தனியாகக் கிடந்தது. ஒரு சிப்பு நல்லதா என்று பார்க்க, நிச்சயமாக நல்லது என்று தெரிந்த வேறு ஏழு வேண்டும். அந்த ஏழும் நல்லதா என்று தெரிய அவற்றைச் சோதிக்க வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்த நிலைமை.

இருந்தும் விடவில்லை. பன்னிரண்டு நாள். காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு உட்கார்ந்தால் மத்தியானம் வரை மாற்றி மாற்றிச் சொருகுவதுதான். என் மனைவிக்கே பரிதாபம் வந்து, நகப்பூச்சு கொண்டுவந்தாள்: நல்லதுக்குச் சிவப்புப் பொட்டு, கெட்டதுக்கு வெளிர்நிறப் பொட்டு. அருமையான யோசனை என்று நானே வாய்விட்டுப் புகழ்ந்தேன். நாற்பத்து நாலு வருஷத்தில் அவளை நான் புகழ்ந்தது அது மூன்றாம் தடவை என்று கணக்குச் சொன்னாள். எல்லாம் முடிந்து, சிவப்பை மட்டும் பொறுக்கி எடுக்கலாம் என்று பார்த்தால் நாலே நாலுதான் சிவப்பு. "பாதியிலேயே சிவப்பு தீந்துபோச்சு. அதான் மிச்ச நல்லதுக்கும் வெளிர்நிறமே வெச்சுட்டேன். உங்ககிட்ட சொன்னேனே, நீங்க ம்னு சொன்னீங்களே?" என்றாள். சொல்லியிருப்பேன். உங்கள் பழக்கம் எனக்கும் தொற்றிவிட்டது போலிருக்கிறது.

நீட்டி முழக்குவானேன். எல்லா ரகளையும் ஓய்ந்த பிறகு கையில் மிஞ்சியது நல்ல சிப்பு ஏழு. எட்டாவது இல்லை. அந்த ஒன்று உள்ளூரில் எந்தக் கடையிலும் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், கப்பலில் வரும், ஆறு மாதமோ எட்டு மாதமோ ஆகும் என்று வால்வு சொல்கிறான். வந்ததும் அது நல்லதாக இருக்க வேண்டும். ஆகவே சம்பந்தி, மாதக் கடைசிக்குள் ஓட வைக்கிறேன் என்று ஆட்டின தலையை இப்போது உங்கள் முன்னால் தாழ்த்துகிறேன். நீங்கள் சொன்ன சொல் மாறாத மனிதர். ஓடினால் வருகிறேன் என்றீர்கள். ஓடவில்லை. அந்த நிலைமையில் உங்களை வந்துதான் ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்த எங்களில் யாருக்கும் முகமில்லை. அம்மாடி, உன் மாமாவை இதைச் சொல்லி நச்சரிக்காதே. குற்றம் முழுக்க உன் அப்பாவுடையது. பெயின்ட் அடித்த அறையில் அதுவரைக்கும் துணி காயப்போடு.

ஆனால் உங்களை அப்படியே படியில் விட்டுவிட என் தொழில் மனசு ஒப்பவில்லை. உங்கள் வீட்டுச் சொந்தக்காரரிடம் பேசி அனுமதி வாங்கிவிட்டேன். வருகிற திங்கட்கிழமை நானும் வால்வும் வந்து, மூன்று மாடிக்கும் சுவர்ப் பக்கமாகக் கைப்பிடிக் கம்பி போடுகிறோம். பழைய லிப்டுகளில் ஆபரேட்டர் உட்காருகிற மடக்கு ஸ்டூல் மூன்று என்னிடம் இருக்கிறது. மாடிக்கு ஒன்றாகச் சுவரில் அடித்துவிடுகிறேன். ஏறுகிறவர் உட்காரலாம், எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். "ம்" என்று சொன்னால் போதும், சம்மதம் என்றே எடுத்துக்கொள்வேன்.

மெஷின் என் வீட்டில் இன்னும் இருந்தால் இன்னும் கெடும் என்பதால் இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். திட்டுவதென்றால் மூடியைக் கழற்றி, நான் செய்துவைத்திருக்கிற வேலையை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் திட்டுங்கள். பார்க்காமல் திட்டினால் அது நியாயமில்லை.

பிள்ளைகள் இருவருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு. உங்களுக்கு என் மனைவியின் வணக்கமும், மாங்காய் டிசைன் மறுபடி எப்போதாவது வந்தால் அணைக்காமல் வைத்திருக்கும்படி அவளுடைய வேண்டுகோளும். உங்கள் முழங்காலுக்கு நல்ல ஓய்வும், உங்களுக்கு நீண்ட ஆயுளும் வேண்டுகிற,

உங்கள் அன்புச் சம்பந்தி,
லிப்ட் மெக்கானிக், ஓய்வு

பின்குறிப்பு: இந்தத் தாள் கவரில் இல்லை, மெஷின் மூடிக்கு உள்ளே இருக்கிறது. நாலு ஸ்க்ரூவைக் கழற்றுகிற பொறுமை இரண்டு குடும்பத்திலும் உங்களுக்கும் எனக்கும்தான் உண்டு. ஆகவே இதை நீங்கள் மட்டும்தான் படிக்கிறீர்கள். கவரில் இருக்கும் கடிதத்தில் சோபாக் கறையும், பின்னல் டிசைனும், கைப்பிடிக் கம்பியும் உண்மை. சுட்டுவிரலும் உண்மைதான், ஆனால் சுட்டது வேறு, கீழே சொல்கிறேன். மற்றதெல்லாம் பொய். வால்வு ஒரே ஒரு நாள் வந்தான், அதுவும் டீ குடிக்க. உங்கள் மெஷின் மூடியைத் திறந்த இருபதாவது நிமிஷம் ஓடிவிட்டது.

அஞ்சையும் ஏழையும் பிடுங்கினேன் என்று எழுதினேனே, நடுவில் எதைத் தொடவில்லை என்று உங்களுக்குப் படிக்கும்போதே விளங்கியிருக்கும். ஆறாவது சிப்பின் ஒரு கால் மட்டும் சாக்கெட்டுக்குள் போகாமல் வெளியே மடங்கியிருந்தது. தானாக மடங்கின கால் கோணலாக இருக்கும், சம்பந்தி. இது மூக்குக் குறட்டால் பிடித்து, ஒரே அழுத்தில், நிதானமாக மடக்கின கால். கெடுக்க நினைத்தவனாக இருந்தால் வெட்டியிருப்பான். நீங்கள் திரும்ப நிமிர்த்தக்கூடிய மாதிரி மடக்கியிருந்தீர்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னை முட்டாளாக்கப் பார்த்தாரே இந்த மனிதர் என்று நினைத்தேன். காலை நிமிர்த்தி ஸ்விட்சைப் போட்டேன். பெயர் வந்தது, எண் வந்தது, கட்டம் மினுக்கியது.

அட்டைப்பெட்டியின் அடியில், மெஷின் தன் கணக்கைச் சேமித்துவைக்கிற கேசட் ஒன்று கிடந்தது. இந்த வருஷத்தை எழுதி ஒட்டியிருந்தீர்கள். அதை எடுத்துவைக்க மறந்துவிட்டீர்கள். என் டேப் ரிக்கார்டரில் போட்டு, ஒயரை மெஷினில் சொருகிப் பார்த்தேன். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்த மாதிரிதான், என் மகளுக்கு அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். தேதி, மழை எத்தனை மில்லிமீட்டர், எப்போது ஆரம்பித்தது, எப்போது நின்றது. கடைசியில் பூஜ்யம் முதல் ஐந்து வரை ஓர் எண். அது என்னவென்று அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு விளங்கிற்று, முழங்கால் வலி. கடைசிப் பதிவு, மாப்பிள்ளை மெஷினை எடுத்துப்போக வந்ததற்கு முந்தின நாள். ரொம்ப வருஷமாக ஓடாத மெஷின் முந்தின நாள் சாயங்காலம்வரை ஓடியிருக்கிறது. நீங்கள் படியில் உட்கார்ந்திருந்த அந்த நாளையும் தேடிப் பார்த்தேன். மழை நாற்பத்தொன்று. நின்ற நேரம் நிமிஷத்தோடு. முழங்கால் இரண்டு. வலித்து உட்காரவில்லை நீங்கள். உள்ளே போய்விட்டால் மழை நிற்கிற நேரம் தவறிவிடும் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். இதைப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தால் என்ன? சொன்னால் மாப்பிள்ளை, "மழை எவ்வளவுன்னு போன்லயே பாத்துக்கலாமேப்பா" என்று சொல்லியிருப்பார், அன்போடுதான். அதற்குப் பதில் சொல்ல உங்களுக்கு மூன்று வாக்கியம் போதாது.

மறுநாளே ஒரு பொய்க் காரணம் வைத்துக்கொண்டு பிள்ளைகள் வீட்டுக்குப் போய், உங்களுக்கென்று பெயின்ட் அடித்த அறை ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தேன். இரண்டு கட்டடத்துக்கு நடுவில் ஒரு துண்டு அகலத்துக்கு வானம். அங்கே வந்து விழுவது பக்கத்து வீட்டு ஏசித் தண்ணீர். உங்கள் மொட்டைமாடியில் ஒரே இடத்தில் முப்பத்தொரு வருஷமாக நிற்கிற மழைமானியை நினைத்துக்கொண்டேன். ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். என்னையும் இதே மாதிரி அன்போடு யாராவது இடம் மாற்ற வருவார்கள். அதற்கு எந்தக் காலை மடக்குவேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மகள் படிக்கிற கடிதத்தில் பொய் எழுதியது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவள் பயப்படுவதும் தப்பில்லை. அந்தக் கேசட்டில் முழங்கால் நாலு என்று போட்ட நாட்களும் மூன்று இருந்தன, அதையும் பார்த்தேன். ஆகவே கம்பியும் ஸ்டூலும் வந்தே தீரும். தினமும் காலை எட்டு மணிக்கு எனக்குப் போன் செய்து முந்தின நாள் மழையையும் முழங்காலையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு எண், அவ்வளவுதான், வாக்கியமே வேண்டாம். எட்டேகாலுக்குள் வராவிட்டால் நான் உங்கள் படியில் இருப்பேன்.

இப்போது சுட்டுவிரல். சிப்புக் காலைத் திரும்பத் திரும்ப மடக்கி நிமிர்த்தினால் நாலாம் தடவை உடைந்துவிடும். அதனால் அந்தக் காலுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் கம்பி பற்றவைத்து, டேப் ரிக்கார்டர் ஒயரைச் சொருகுகிற துளைக்குப் பக்கத்தில் லிப்ட் பலகையிலிருந்து கழற்றின சின்ன ஸ்விட்ச் ஒன்றை வைத்திருக்கிறேன். பற்றவைக்கும்போதுதான் சுட்டுக்கொண்டேன். தெரியாதவர்கள் பார்த்தால் அதுவும் மெஷினோடு வந்த சாமான் என்றே நினைப்பார்கள். அதை மேலே தள்ளினால் மெஷின் ஓடும். கீழே தள்ளினால் நினைவகப் பழுது. தனியாக இருக்கும்போது மேலே தள்ளி, இந்தப் பத்தொன்பது நாள் நோட்டில் எழுதிவைத்திருப்பீர்களே, அந்த மழையை எல்லாம் ஏற்றிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் படியேறி வரும் சத்தம் கேட்டால் கீழே தள்ளிவிடுங்கள். என்றைக்காவது முழங்கால் ஐந்துக்குப் போய், போதும், போய் அவர்களோடு இருக்கலாம் என்று உங்களுக்கே தோன்றினால், அன்றைக்கு அவர்கள் கண் முன்னால் அதை மேலே தள்ளுங்கள். அதுவரைக்கும் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.